மாதிரி வயல்

பலகை நன்றாக வந்திருந்தது. பயிர்தான் வரவில்லை.

ஆறடி உயரப் பலகை. பச்சைப் பெயின்ட் அடித்து, "உணவு உற்பத்திப் பெருக்கத் திட்டம். வறட்சியைத் தாங்கும் புதிய ரக மக்காச்சோளம். மாதிரி வயல்" என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதன் காலடியில், ஆள் உயரம் வளர்ந்திருக்க வேண்டிய மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒன்றையொன்று பார்க்காமல் நின்றது.

நோட்டீஸ் சார் வயலோரத்தில் போனைக் காதில் வைத்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார்.

"இயக்குநரே நேர்ல வர்றாரா சார்?"

"ஆமாங்க. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு" என்றார் தலைமை அலுவலகத்துக்காரர். "பயிர் செழிப்பா இருக்குன்னு மாசாமாசம் ரிப்போர்ட் அனுப்புறீங்களே. நாடு பூரா காய்ஞ்சு கிடக்கு, அங்க மட்டும் எப்படின்னு பார்க்கணும்னு ஆசைப்படுறாரு."

போன் துண்டிக்கப்பட்டது. நோட்டீஸ் சார் இன்னும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தார்.

அவர் வேளாண்மை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்ப்பவர். பயிரில் பூச்சி என்று வந்தாலும் சரி, கிணறு வற்றிவிட்டது என்று வந்தாலும் சரி, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டுவார். அதனால் வந்த பெயர். கெட்ட மனுஷர் இல்லை. கொடுப்பதற்கு அவரிடம் வேறொன்றும் இருந்ததில்லை, அவ்வளவுதான். மாத ரிப்போர்ட்டும் அப்படித்தான். முதல் மாதம் பயிர் தலைகாட்டியபோது "செழிப்பாக உள்ளது" என்று எழுதினார். அது அன்றைக்கு உண்மை. பிறகு ஒவ்வொரு மாதமும் அதையே நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றினார்.

"சார், நான் அப்பவே சொன்னேன்" என்றார் பியூன். "பழைய கிடங்கை இடிச்சு இங்கதான் நிரவினாங்க. அடியில பூரா செங்கல்லும் சுண்ணாம்பும். இதுல பலகையைத் தவிர வேற எதுவும் நிக்காது."

"மண்ணைக் குறை சொல்லாதய்யா. விதையே சொத்தை. இருபது வீட்டுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தோமே, யாருக்காவது முளைச்சுதா? பொட்டலம் வாங்கின பஞ்சாயத்துத் தலைவரையே கேட்டேன். ஒண்ணுகூட முளைக்கலைன்னு கையை விரிச்சுட்டாரு."

"அப்ப அதையே இயக்குநர்கிட்ட சொல்லிடலாமே?"

"நாலு மாசமா செழிப்பா இருக்குன்னு எழுதிட்டு?"

பியூன் வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைக்கூடப் பார்த்திருக்கிறார். அரை ஏக்கரை மறைக்கப் போகிறவரை இப்போதுதான் பார்க்கிறார்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி வந்தது. தீயணைப்பு நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. டிரைவர் வண்டியைப் பின்பக்கமாக வயலுக்குள் விட்டார். பின் சக்கரங்கள் அச்சுவரை புதைந்தன. வண்டியைக் கிளப்புவதற்காக மொத்தத் தண்ணீரையும் ஒரே இடத்தில் கொட்ட வேண்டியதாயிற்று. அடியில் இருந்த சுண்ணாம்பு கரைந்து, வயல் பால் காய்ச்சிய பாத்திரம் போல வெளுத்தது. வண்டி ஒருவழியாக வெளியே வந்தபோது, கால் பங்குப் பயிர் சக்கரத்தோடு போய்விட்டது.

"பரவாயில்ல, மீதி பச்சை பிடிக்கட்டும்" என்று நோட்டீஸ் சார் இரண்டு மூட்டை யூரியாவைத் தன் கையாலேயே வீசினார். அரை ஏக்கருக்கு அரை மூட்டை போதும் என்று அவர் இழுப்பறையில் இருந்த நோட்டீஸே சொல்லும். அதை அவர் படித்ததில்லை.

சனிக்கிழமை காலையில் பயிரின் நுனியெல்லாம் கருகியிருந்தது.

"வியாழக்கிழமை மஞ்சள், நேத்து வெள்ளை, இன்னிக்குப் பழுப்பு" என்றார் பியூன். "நாளைக்கு என்ன கலர் சார்?"

வீட்டுக்குப் போனால் மச்சினன் வந்து உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. ஊருக்குக் கிழக்கே நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவன். இரண்டு போகம் தொடர்ந்து பொய்த்ததில் கன்னம் ஒட்டி, சட்டை ஆணியில் மாட்டினது போல் தொங்கியது. அக்கா வைத்த தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைப் பிள்ளைகளுக்கு என்று கட்டிக்கொண்டிருந்தான். அவன் அதைக் கூச்சமில்லாமல் செய்ததுதான் நோட்டீஸ் சாருக்குச் சுருக்கென்றது.

"மாமா, உங்க புது ரகம் நிஜமாவே வறட்சியைத் தாங்குதாமே?"

நோட்டீஸ் சார் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம் அவருக்கு முன்னால் முந்திக்கொண்டது.

"தாங்கும்டா."

மச்சினன் போனதும் மனைவி சொன்னாள்: "மூஞ்சியே சரியில்ல உங்களுக்கு. என்னன்னு சொல்லுங்க."

சொன்னார்.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. அதிகபட்சம் திட்டுவாங்க."

"பதவி உயர்வுப் பட்டியல்ல இந்தத் தடவை என் பேரு முதல்ல இருக்கு."

"முதல்ல இருக்கிறது உங்க பேரு. வயல்ல பயிர் எங்க இருக்கு?"

அந்தக் கேள்விதான் அவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் ஏற்றியது. பயிர் எங்கே இருக்கிறது என்று தேடிப் புறப்பட்டார். எங்கும் இல்லை. வழியெல்லாம் நிலம் வாய் பிளந்து கிடந்தது. ரேஷன் கடை விடுமுறை நாளிலும் வாசலில் பைகளையும் செங்கற்களையும் வரிசையில் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். பாலம் தாண்டி, வற்றிய கால்வாய்க்கு அந்தப் பக்கம் திரும்பியபோது வண்டியைச் சட்டென்று நிறுத்தினார்.

ஒரு சின்னத் துண்டு நிலம். அதில் தோள் உயரத்துக்கு மக்காச்சோளம். கரும்பச்சை. செடிக்கு இரண்டு கதிர்.

நிலத்துக்குச் சொந்தக்காரி ஒரு நடுத்தர வயதுப் பெண். புருஷன் இல்லை. காலையில் தலைவர் வீட்டில் பெருக்கித் துடைத்துவிட்டு, மத்தியானம் வந்து நிலத்தைப் பார்ப்பவள். அரசாங்கத்து ஆள் வண்டியை நிறுத்துவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. கையிலிருந்த களைக்கொத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"சார்... இது வந்து சார்..."

"பயப்படாதீங்கம்மா. எனக்கு எல்லாம் தெரியும்."

"தெரியுமா சார்?"

"தெரியாம என்ன? உங்க பேரு பயனாளிப் பட்டியல்ல இல்ல. அரசாங்கத்துல இருந்து ஒரு மணி விதைகூட உங்களுக்கு வரலை. அதனால என்ன? நாட்டு விதை நாட்டு விதைதான். பாட்டன் பூட்டன் காலத்து விதைக்கு முன்னால எங்க ரகமெல்லாம் எம்மாத்திரம்?"

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு உதவி மட்டும் செய்யுங்க. இருநூறு செடி வேணும். வேரோட."

அவள் வயலைப் பார்த்தாள். மொத்தமே ஐந்நூறு செடி இருக்கும். ஆனால் அரசாங்கத்து ஆள் கேட்கிறார். அதுவும் திட்டாமல் கேட்கிறார்.

"செடி போனாப் போகட்டும் சார். கதிரை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. நாங்க மூணு வயிறு."

"புதன்கிழமை என் கையால கொண்டாந்து தர்றேன்" என்று வாக்குக் கொடுத்தார் நோட்டீஸ் சார். மனசாரத்தான் கொடுத்தார்.

அன்று பகல் முழுக்க அவரும் பியூனும் மச்சினனிடம் காரணம் சொல்லாமல் இரவல் வாங்கிய மாட்டு வண்டியில் செடிகளைக் கொண்டுவந்து, மாதிரி வயலில் கருகியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பலகையை ஒட்டிக் குழி தோண்டி நட்டார்கள். வெயிலில் இடுப்பு ஒடிந்தது. வேலை முடிந்ததும் பியூன் தள்ளி நின்று பார்த்தார்.

"சார், இப்பதான் பலகைக்கே ஒரு மரியாதை வந்திருக்கு."

செவ்வாய்க்கிழமை இயக்குநர் வந்தார். கூட ஐந்து வண்டிகளில் அதிகாரிகள். இயக்குநர் உண்மையிலேயே பயிர் தெரிந்த மனிதர். வயலின் முன்னால் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு கதிரின் மேலுறையைப் பிரித்து, அடுக்கடுக்கான மணிகளைக் கட்டைவிரலால் தடவினார். கண் கலங்கியது.

"மூணு வருஷமா இந்த ரகத்துக்காகக் கோப்பைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்யா. ஜனங்களுக்குச் சோறு போடும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

சொல்லிக்கொண்டே தாங்கலுக்கு ஒரு செடியைப் பிடித்தார். செடி அப்படியே வேரோடு கையில் வந்தது.

ஐந்து வண்டி அதிகாரிகளும் மூச்சை அடக்கினார்கள்.

"வேரைப் பார்க்க வசதியா லூசாக்கி வச்சிருக்கோம் சார்" என்றார் பியூன், கண் சிமிட்டாமல். "விவசாயிகள் வந்தா எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப வச்சுடுவாங்க."

இயக்குநர் செடியைத் திருப்பி வேரைப் பார்த்தார். நீளமான, கெட்டியான வேர்.

"பிரமாதம்! என்ன முன்யோசனை!" என்று நோட்டீஸ் சாரின் தோளில் தட்டினார். கையில் செடியோடு அவர் நிற்பதைப் போட்டோ எடுத்தார்கள். போகும்போது எல்லாக் கதிர்களையும் ஆய்வுக்கூடத்துக்கு என்று ஒடித்துச் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். ஒன்றைக்கூட விடவில்லை.

புதன்கிழமை நோட்டீஸ் சார் கால்வாய்ப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பிறகு அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் அலுவலகம் வரப் பழகிக்கொண்டார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. வரும் பருவத்தில் வட்டாரம் முழுவதும் புதிய ரகம்தான். முந்நூறு மூட்டை விதை அனுப்பப்படுகிறது. வினியோகம் நோட்டீஸ் சாரின் நேரடிப் பொறுப்பு.

அன்று மாலையே மச்சினன் வந்தான். முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

"மாமா, நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பழைய விதையை எல்லாம் அரைச்சு மாவாக்கிட்டேன். பிள்ளைங்க வயிறார சாப்பிட்டுச்சு. இனி உங்க விதைதான்."

"எல்லாத்தையுமாடா அரைச்சே?"

"எங்க தெருவுல எல்லாருமே அரைச்சுட்டாங்க மாமா. உங்க போட்டோ பேப்பர்ல வந்துச்சே!"

இதுவரை நோட்டீஸ் சார் மறைத்தது ஒரு வயலை. இனி மறைக்க வேண்டியது ஒரு வட்டாரத்தின் பட்டினியை.

மறுநாள் வந்த விவசாயிகளிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அவசரப்படாதீங்க. இந்த விதை எல்லா நிலத்துக்கும் ஒத்துவராது. கொஞ்சம் யோசிச்சு வாங்குங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷமாக நோட்டீஸ் கொடுத்து "இதைப் போடுங்க, அதைப் போடுங்க" என்றவர், முதல் தடவையாக வேண்டாம் என்கிறார். விஷயம் இல்லாமலா?

"சொந்தக்காரங்களுக்கு ஒதுக்கி வைக்கிறாருய்யா!"

மத்தியானத்துக்குள் வரிசை அலுவலக வாசலைத் தாண்டித் தெருமுனைவரை நீண்டது. யாரோ ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள்.

"கிடங்கு ஒழுகுது, விதையை இப்ப அனுப்ப வேண்டாம்" என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ஜன்னல் உடைந்த செய்தியும் அதே நாளில் அங்கே போயிருந்தது. ஒழுகுகிற கிடங்குக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்து மண்டபத்தைத் தந்தார்கள். மக்களின் ஆர்வத்தைப் பாராட்டி முந்நூறு மூட்டையை ஐந்நூறாக்கினார்கள்.

மூட்டைகள் வந்து இறங்கிய அன்று நோட்டீஸ் சார் மண்டபத்தில் அவற்றின் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு மூட்டையின் வாயிலிருந்து, மருந்து கலந்த சிவப்புச் சாயம் பூசிய மணிகள் நாலைந்து உருண்டன. எடுத்துப் பார்த்தார். மச்சினன் சாப்பாட்டைக் கட்டிக்கொண்ட விதம் ஞாபகம் வந்தது. இந்த மணிகளை நம்பி அவன் உழுவான். விதைப்பான். வானத்தையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருப்பான். பிறகு பிள்ளைகளிடம் என்ன சொல்வான்?

எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, பேருந்து பிடித்துத் தலைமை அலுவலகத்துக்குப் போனார்.

எல்லாவற்றையும் சொன்னார். ரிப்போர்ட், சுண்ணாம்பு, யூரியா, மாட்டு வண்டி, எதையும் விடவில்லை. "அந்தச் செடியெல்லாம் கால்வாய்க்கரையில ஒரு அம்மா வீட்டு நாட்டு விதை சார். நம்ம ரகம் எங்கேயுமே தேறலை. கொடுத்த இருபது பேருக்கும் முளைக்கலை."

இயக்குநர் சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவரில் அவர் போட்டோ மாட்டியிருந்தது. கையில் செடி. வேர் நன்றாகத் தெரிந்தது.

"மூணு வருஷம்" என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. "அப்ப சிரிச்சவங்க சொன்னதுதான் சரி."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. திட்டம் கைவிடப்பட்டது. இயக்குநர் நீண்ட விடுப்பில் போனார். விதையைத் திரும்ப எடுத்துப் போக லாரி ஒதுக்கவில்லை. மருந்து கலந்தது என்பதால் தீவனத்துக்கும் ஆகாது. அங்கேயே எரித்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. எரிக்க வேண்டியவரும் நோட்டீஸ் சார்தான். அதை முடித்துவிட்டுத் தற்காலிகப் பணிநீக்கத்தில் போக வேண்டும்.

மாதிரி வயலிலேயே குழி வெட்டி, பகல் பத்து மணிக்குத் தீ வைத்தார்கள். ஐந்நூறு மூட்டையும் படபடவென்று பொரிந்தது. பொரி வாசனை தெருவெல்லாம் பரவியது. கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் பாத்திரங்களோடு வந்துவிட்டார்கள். "விஷம்யா, தொடாதீங்க, விஷம்" என்று பியூன் குச்சியை வைத்துக்கொண்டு அவர்களைத் தடுத்தார். அவர்கள் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சினனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். மாமாவைப் பார்த்தும் பார்க்காதவன் போல நின்றான்.

தீ அடங்கியதும் ஜனங்கள் கலைந்தார்கள். மேற்கே வானம் கறுத்திருந்தது. மூன்று வருஷமாக வராத மேகம். பியூன் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

நோட்டீஸ் சார் மட்டும் ஒருமாதிரி அமைதியாக இருந்தார். வேலை போச்சு, பேர் போச்சு. ஆனால் இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஓர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். சொத்தை விதையிலிருந்து ஒரு வட்டாரத்தைக் காப்பாற்றியிருக்கிறார். மச்சினனுக்கு இன்றைக்குப் புரியாது. ஒருநாள் புரியும்.

அப்போதுதான் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு கால்வாய்க்கரைப் பெண் வந்தாள். கையில் ஒரு காலித் துணிப்பை. நோட்டீஸ் சார் பதறி எழுந்தார்.

"மன்னிச்சுடுங்கம்மா. உங்க கதிரைத் திருப்பித் தர முடியலை. அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அது போகட்டும் சார். மிச்சமிருந்ததையும் நாங்க அரைச்சு சாப்பிட்டாச்சு. ஒரு மணிகூட இல்ல. மழை வர்ற மாதிரி இருக்கே, ஒரு பிடி விதை கிடைக்குமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"விதையா? எல்லாத்தையும் எரிச்சாச்சும்மா. இருந்தாலும் உங்களுக்கு நான் தரமாட்டேன். அது சொத்தை. உங்க நாட்டு விதை கால்தூசிக்கு வராது. அக்கம்பக்கத்துல அந்தப் பழைய விதை யார்கிட்டயாவது இருந்தா வாங்கிப் போடுங்க."

அவள் குழியில் புகையும் சாம்பலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏது சார் நாட்டு விதை? இந்தச் செவப்பு விதையைக் கோழிகூடத் தொடலைன்னு தலைவர் வீட்டுல குப்பையில கொட்டுனாங்க, பெருக்கும்போது அதைப் பொறுக்கிட்டுப் போய்த்தானே நட்டேன்!"